மேட்டு இடம்

சட்டப்படி ஒவ்வொரு சபையும் அனர்த்த ஆயத்தத் திட்டம் ஒன்றை வைத்திருத்தல் வேண்டும். நாங்களும் வைத்திருந்தோம். தவிசாளரின் அறைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டில், நீலக் கோவை ஒன்றில் வைத்திருந்தோம். மாரி தொடங்குமுன் அதை எடுத்து, ஆண்டை மாற்றி, முத்திரை குத்தி, ஒரு பிரதியை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு மறுபடி அதே தட்டில் வைப்போம். நான் அந்தப் பிரதேச சபையில் பிரதம எழுதுவினைஞராக இருந்த காலம் முழுக்க இந்த வேலையை ஒரு குறையுமில்லாமல் செய்தேன். சட்டம் வைத்திருக்கத்தானே சொன்னது, வாசிக்கச் சொல்லவில்லையே என்று பகிடியும் விடுவேன்.

அந்தப் பகிடிக்குக் கந்தோரில் சிரிக்காத ஒரே ஆள் அவர். பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய கணவர் இப்போதும் அந்த ஊரில்தான் இருக்கிறார்.

எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்தபோது அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். ஆண்கள் பிடிக்கும் கறுப்புக் குடை, வலக்கையில் ஆண்கள் கட்டும் மணிக்கூடு. இரண்டு சோடி செருப்பு வைத்திருந்தார். ஒன்று கந்தோருக்கு, மற்றது மேசைக்கடியில் கிடக்கும், செம்மண் ஏறிப்போனது. அவர் அந்த இரண்டாவது சோடியைக் காலால் துழாவுகிறார் என்றால் பின்னேரம் வரைக்கும் ஆளைக் காண முடியாது என்று அர்த்தம். எந்தக் கடதாசியையும் பொலித்தீன் பைக்குள் போட்டுத்தான் கைப்பையில் வைப்பார். கோடை வெயிலிலும் அப்படித்தான்.

திட்டத்தை அவரிடம் கொடுத்தது நான்தான். புதிதாக வந்தவர்களின் தலையில் கட்டும் வேலை அது. ஆண்டை மாற்றுங்கோ மிஸ், காணும் என்றேன். அவர் கோவையை எடுத்துப்போய் இரண்டு நாள் வாசித்தார். மூன்றாம் நாள் தொலைபேசியை இழுத்துவைத்துக்கொண்டு அதில் இருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினார். கந்தோரில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொண்டோம். சற்று நேரத்தில் எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"சேர், எங்கட திட்டத்தில ரெண்டாவது பொறுப்பாள் செத்துப்போனார்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த ஆளின் மனைவிதான் தொலைபேசியை எடுத்தாராம். இறந்து இரண்டு வருடமாம். வெள்ளம் வந்தால் உடனே அழைக்கவேண்டிய இலக்கம் அது என்று அந்த மனுசிக்குத் தெரியாதாம். நாங்கள் இரண்டு வருடமும் அந்த மனிதரின் பெயருக்கு முத்திரை குத்தியிருந்தோம்.

அதற்குப் பிறகு அவர் அடங்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரு கேள்விதான் இருந்தது. "போய்ப் பாத்தனீங்களோ?" பாலம் நல்லாயிருக்கிறது என்றால், போய்ப் பாத்தனீங்களோ? பொதுக்கிணறு இறைத்தாயிற்று என்றால், போய்ப் பாத்தனீங்களோ? தவிசாளரையும் கேட்டார். மனுசன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

இடைத்தங்கல் முகாம் என்று திட்டத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது. அவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வெள்ளி பின்னேரம் அதிபர் யாழ்ப்பாணத்துக்குப் போனால் பூட்டின் திறப்பும் யாழ்ப்பாணத்துக்குப் போகிறது என்றார். வெள்ளம் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் மட்டும்தான் வருமா என்று என்னிடம் கேட்டார். பிறகு அதிபரோடு கதைத்து இரண்டாவது திறப்பு ஒன்று வெட்டுவித்து, பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் கொடுத்துவைத்தார். திட்டத்தில் அதையும் எழுதினார். எந்த வீடு, எந்த ஆணியில் தொங்குகிறது என்பது வரைக்கும்.

குளத்துக்குக் கீழே ஓர் ஒழுங்கை இருக்கிறது. பதினொரு வீடுகள். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் முதலில் தண்ணீர் ஏறும் இடம் அது. அங்கே ஒருவருக்கு இரண்டு காலும் இல்லை, கடைசி யுத்தத்தில் போனது. தனி ஆள். வாசலில் இருந்து சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போட்டுப் பிழைப்பவர். அவரிடம் இவர் சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, அதில் இரண்டு மூட்டை நெல்லை ஏற்றி, ஒழுங்கையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் தானே தள்ளிப் பார்த்திருக்கிறார். கந்தோருக்கு வந்தபோது சேலைக்கரை முழுக்க மண். மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்து வந்ததைத் திட்டத்தில் எழுதினார்: சக்கர நாற்காலியில் நாற்பத்தேழு நிமிடம், மழையில் போகாது, உழவு இயந்திரம் வேண்டும். இதெல்லாம் ஒரு அரச ஆவணத்தில் எழுதுகிற விசயமா என்று நான் நக்கலடித்தேன்.

அவருக்குச் சட்டத்தில் பெரிய மரியாதை இருந்தது. சட்டத்தின் தமிழ்ப் பிரதியை எங்கோ தேடி எடுத்து, 'வேண்டும்' என்று வருகிற இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். தயாரித்தல் வேண்டும், அறிவித்தல் வேண்டும், மீளாய்வு செய்தல் வேண்டும். ஒருநாள் பிளேன்ரீ குடிக்கும்போது, இதை எல்லாம் எதுக்கு மிஸ் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பாக்கிறீங்கள் என்று கேட்டேன்.

"எங்கள அப்ப ஆர் எங்க கூட்டிக்கொண்டு போறதெண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல, சேர்" என்றார். "இப்ப எழுதி வைக்கோணும் எண்டு சட்டம் சொல்லுது. நல்ல சட்டம்."

நான் யுத்தம் முடியும்வரை வவுனியா ரவுணில் இருந்து சம்பளம் எடுத்தவன். செட்டிகுளத்துப் பக்கம் முகாம்களில் சனத்தை அடைத்து வைத்திருந்ததைக்கூடப் பஸ் யன்னலால்தான் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேட்டேன், பிளேன்ரீயைக் குடித்து முடித்தேன், அவ்வளவுதான்.

எங்கள் இருவருக்கும் இடையில் வந்த ஒரே சண்டை ஒரு சொல்லுக்காக. மேலிடத்திலிருந்து வரும் படிவத்தில் ஏழாவது நிரலின் தலைப்பு 'பாதுகாப்பான இடம்'. ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரே, சனம் போகவேண்டிய இடத்தை அதில் எழுத வேண்டும். அவர் அந்தத் தலைப்பை வெட்டிவிட்டு 'மேட்டு இடம்' என்று போட்டிருந்தார். நான் கூப்பிட்டு, படிவத்தில் கைவைக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்றேன். அவர் நின்றபடியே சொன்னார்.

"கடைசிச் சண்டையில பாதுகாப்பான இடம் எண்டு எங்களுக்கும் சொன்னவை, சேர். நாங்கள் நம்பிப் போனனாங்கள். என்ர பிள்ளை அங்கதான் கிடக்குது. அஞ்சு வயசு." படிவத்தை என் மேசையில் வைத்தார். "நான் அந்தச் சொல்லை ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்க மாட்டன். மேடு எண்டா மேடு. அங்க தண்ணி வராது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நான் திட்டத்தை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினேன். பிறகுதான் அறிந்தேன், அந்தச் சொல் அவருக்கு மட்டும் கசந்த சொல் அல்ல. ஒழுங்கையில் கூட்டம் வைத்தபோது சனம் அந்தச் சொல் வேண்டாம் என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கால் இல்லாதவர், அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் வரமாட்டேன் அக்கா, வீட்டிலேயே கிடந்து சாவேன் என்றிருக்கிறார். அப்படிக் கூப்பிட மாட்டோம், மேட்டுக்கு வாங்கோ என்றுதான் கூப்பிடுவோம் என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒலிபெருக்கியில் வாசிக்கவேண்டிய அறிவித்தலையும் அவர்களோடு இருந்தே எழுதி, திட்டத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தார். 'குளம் திறக்கப் போகினம். தண்ணி வரும். பள்ளிக்கூடத்து மேட்டு இடத்துக்கு வாங்கோ.' இவ்வளவுதான் அறிவித்தல்.

திட்டம் திரும்பி வந்தது. படிவத்தின் தலைப்புகள் மாற்றப்படலாகாது, இரண்டு நாட்களுக்குள் திருத்தி அனுப்புக என்று ஒரு கடிதம். அன்று அவர் கந்தோரில் இல்லை. ஒழுங்கை முகப்பில், வாய்க்காலைக் கடக்கிற மதகு மண்ணுக்குள் இறங்குகிறது என்று யாரோ சொல்ல, அதைப் பார்க்கப் போய்விட்டார். நான் அவருடைய கணினி முன்னால் இருந்து, ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் மாற்றும் வசதி இருக்கிறதல்லவா, அதில் 'மேட்டு' என்று அடித்து, அதற்குப் பதிலாகப் 'பாதுகாப்பான' என்று கொடுத்தேன். ஒரு நொடியில் திட்டம் முழுக்க மாறிவிட்டது. குடியேற்றத் திட்டத்துச் சனத்தின் மேட்டுக்காணி எல்லாம் பாதுகாப்பானக்காணி ஆகிப்போயிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். பிறகு காணிகளைத் திருத்தினேன். பின்னிணைப்பில் அறிவித்தலும் மாறியிருந்ததைக் கண்டேன். கண்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். வாசிக்க நல்ல தமிழாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றை அனுப்பி, மற்றதை நீலக் கோவையில் போட்டேன்.

மறுநாள் அவர் வந்ததும் விசயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் கறுத்துவிட்டது.

"ஒழுங்கைச் சனத்துக்கு நான் வாக்குக் குடுத்திருக்கிறன், சேர். அறிவித்தலில அந்தச் சொல் வரக்கூடாது."

"மேல அனுப்பினதில மட்டும்தான் மிஸ் மாத்தினனான். எங்கட கோவையில உங்கட சொல்தான் இருக்கு. யோசியாதேங்கோ."

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. இன்றைக்கே அந்த ஒரு தாளை மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அதற்குள் தவிசாளர் கூப்பிட்டார், பிறகு வேறொரு வேலை, பிறகு மறந்துபோனேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். எந்த மனிதரையும் விடாத அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. சரி சேர் என்றார். போய் அலுமாரியைத் திறந்து பார்க்கவுமில்லை. நான் சொன்னேன், அவர் நம்பினார். அவரை அறிந்த காலம் முழுக்கவும் ஒரு விசயத்தைப் போய்ப் பார்க்காமல் அவர் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

அந்த மார்கழியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை ஒன்பது மணியளவில், மதியம் குளத்தின் வான் கதவு திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. முதல்முறையாக நீலக் கோவை அலுமாரியிலிருந்து வேலைக்காக இறங்கியது. பின்னிணைப்புத் தாளைக் கழற்றிச் சபைச் சாரதியின் கையில் கொடுத்தது நான். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. எழுத்துப் பிசகாமல் வாசி, சட்டம் என்று சொல்லி அனுப்பினேன். அந்த நேரத்தில் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரவேயில்லை. நினைவில் வைத்துக்கொண்டு செய்திருந்தால் பாவி என்று என்னை வைது ஆறியிருப்பேன். மறந்துபோனதற்கு என்ன சொல்லி என்னை வைவது?

செய்தி வருமுன்னரே, எட்டு மணிக்கே அவர் பள்ளிக்கூடத்தில் நின்றார். எதிர்வீட்டு ஆணியிலிருந்து திறப்பை எடுத்து வகுப்பறைகளைத் திறந்து, பெயர்ப் பட்டியலோடு வாசலில் நின்றாராம். மற்றக் கிராமத்துச் சனமெல்லாம் வந்து சேர்ந்தது. ஒழுங்கையிலிருந்து ஏழு வீட்டார் வந்தார்கள். நாலு வீட்டைக் காணவில்லை. உழவு இயந்திரம் சக்கர நாற்காலிக்காரரின் வாசலுக்குப் போய், அவர் ஏற மறுத்ததால் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. இவர் ஓட்டோச் சாரதியைக் கூப்பிட்டு என்ன வாசித்தாய் என்று கேட்டிருக்கிறார். அவன் தாளை நீட்டியிருக்கிறான்.

இதைச் சாரதிதான் பிறகு எனக்குச் சொன்னான். தாளை வாசித்துவிட்டு அவனை ஏசவில்லையாம். சுவரில் வைத்து அதில் ஏதோ எழுதி, மடித்து, பொலித்தீன் பைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குடையையும் விட்டுவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தாராம். ஏறுங்கோ மிஸ் என்று இவன் ஓட்டோவைக் கொண்டுபோனானாம், ஒழுங்கை முகப்பில் அது சேற்றில் இறுகிவிட்டது. அங்கே இருந்து பார்த்திருக்கிறான். மூன்று வீட்டுப் படலையைத் தட்டி, நான்தான் வந்திருக்கிறன், மேட்டுக்கு வாங்கோ என்று கூப்பிட, மூன்று வீட்டுச் சனமும் பிள்ளைகுட்டியோடு உடனே வெளிக்கிட்டு நடந்தார்களாம். கடைசி வீட்டிலிருந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாராம். மழையில் போகாது என்று அவரே எழுதிவைத்த நாற்காலி. மதகடிக்கு வரும்போது, அந்த இறங்கின மதகைத் தண்ணீர் மேவிவிட்டது.

நாற்காலிக்காரர் பாலை மரம் ஒன்றின் கொப்பைப் பிடித்துத் தப்பினார். அவரைக் கொப்புப் பக்கம் தள்ளிவிட்டவர் தப்பவில்லை. அடுத்த நாள் வயல் வரம்பு ஒன்றில் கண்டெடுத்தார்கள். கைப்பை தோளில் இருந்தது.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கலாமா என்று யோசித்துத்தான் போனேன். கணவர் வயற்காரர், அதிகம் கதைக்காத மனுசன். ஒரு கதிரை கொண்டுவந்து என்னை இருத்திவிட்டு, கைப்பையில் இருந்த பொலித்தீன் பையை எடுத்துத் தந்தார். இது கந்தோர்க் கடுதாசி போலக் கிடக்கு, தேவைப்படும் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாத்தையும் போய்ப் பாத்திட்டுத்தானே சேர் அவா எழுதுறவா. இதில மட்டும் எப்பிடிப் பிழை விட்டவா?"

அவர் பிழை விடவில்லை, நான் விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அழுதேன். நான் நல்ல மனிதன் என்று நினைத்து அவர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்.

தாளை வீட்டுக்கு வந்துதான் விரித்தேன். 'பாதுகாப்பான' என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் ஒரே கோடாக வெட்டி, மேலே 'மேட்டு' என்று எழுதியிருந்தார். தண்ணீர் உள்ளே போகவில்லை. எழுத்து அழியவில்லை.

நாற்காலிக்காரரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நான் ஆர் என்று அவருக்குத் தெரியாது. சபையில் இருந்து வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "மேடு எண்டு சொல்லியிருந்தா நான் முதல் டிரக்டரில ஏறியிருப்பன், ஐயா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆரோ செய்த பிழைக்குத் தன்னைத் தின்றுகொண்டிருந்தார். நான் அவருடைய போர்வையை இழுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

விசாரணை நடந்தது. அறிவித்தல் செய்யப்பட்டதா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தின்படி வாசிக்கப்பட்டதா? ஆம், ஒரு சொல்லும் மாறாமல். இடைத்தங்கல் முகாம் நேரத்துக்குத் திறக்கப்பட்டதா? ஆம். வாகனம் அனுப்பப்பட்டதா? ஆம். சட்டத்தில் அவர் வட்டம் போட்டு வைத்திருந்த அத்தனை 'வேண்டும்'களும் சரியாக நிறைவேறியிருந்தன. எவர் மீதும் தவறில்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். சிவப்புக் கோடு போட்ட அந்தத் தாளை நான் காட்டவில்லை. இன்றைக்கும் என் அலுமாரியில், அதே பொலித்தீன் பையில் இருக்கிறது. இளைப்பாறிய பிறகு இதை எழுதுகிறேன். எழுதினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

அடுத்த வருடம் மாரிக்கு முன்னர், அவருடைய மேசைக்கு வந்த புதிய பிள்ளை திட்டத்தை முடித்து என்னிடம் கையொப்பத்துக்குக் கொண்டுவந்தது. ஆண்டு மாற்றியிருந்தது. வேறொன்றும் மாற்றவில்லை. நான் முதல்முறையாக ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். எதிர்வீட்டு ஆணி, நாற்பத்தேழு நிமிடம், எல்லாம் இருந்தது. அவசர வேளையில் அழைக்கவேண்டியவர்கள் என்ற பக்கத்தில், இரண்டாவது வரியில், அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன.

"மிஸ்" என்றேன், "எங்கட திட்டத்தில ரெண்டாவது பொறுப்பாள் செத்துப்போனா."

அந்தப் பிள்ளை சிரித்தது. சேர் பகிடி விடுகிறவர் என்று யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும்.